நடுநிலைப்பள்ளியில் படித்த பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் திணறாமலிருக்க நாங்கள் என்ன செய்யலாம்?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் வேலை பார்க்கும் அறிவியல் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் பள்ளியில் எட்டு முடிக்கும் பிள்ளைகள் பக்கத்து மேல்நிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். காலாண்டுத் தேர்விலேயே பாதிப்பேர் கணக்கிலும் ஆங்கிலத்திலும் விழுகிறார்கள். சிலர் அரையாண்டுக்குள் பள்ளியை விட்டே நின்றுவிடுகிறார்கள். அங்குள்ள ஆசிரியர்கள் "எட்டு வருசம் என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்கிறார்களாம். அதனால், கடைசி மாதங்களில் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தலாமா, கைடு வாங்கிக் கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி.

டீச்சர், நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்து பாடம் புரியாமல் தவிப்பது ஒன்று. அந்த வகுப்பில் போய் உட்காராமலே போவது, அல்லது உட்கார்ந்து பாதியில் எழுந்து போவது இன்னொன்று. முதலாவதற்கு மருந்து ஆறாம் வகுப்பிலிருந்தே கொடுக்க வேண்டியது. இரண்டாவதற்கு வேலை ஜனவரியிலிருந்து ஜூலை வரை. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டி நடத்துவது இரண்டுக்கும் உதவாது என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் கணக்கு வாத்தியார். பாலக்கோடு பக்கம் நடுநிலைப்பள்ளியில் பல வருடம் இருந்துவிட்டு, அப்புறம் உயர்நிலைப்பள்ளிக்கு மாறி ஒன்பது, பத்து வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். உங்களிடம் கேட்ட அதே கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். பிறகு நாற்காலி மாறியபோது, அதைக் கேட்கத் தோன்றிய பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு, வாசிப்பு, சேர்க்கை பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஆங்கிலம் கற்பிப்பது பற்றிச் சொல்வதை மட்டும் கொஞ்சம் யோசித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதில் என்னதான் மாறுகிறது? எட்டு வரை வளரறி மதிப்பீட்டுக்கு (வகுப்பிலேயே அவ்வப்போது போடுவது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ முடிவுத் தேர்வு) 60 என்று மதிப்பெண் பிரிந்திருந்தது. அந்த 40-இல் செயல்திட்டம், ஒட்டுப்படம், சின்னத் தேர்வு என ஏதாவது ஒன்றைப் பிடித்துப் பிள்ளை கரையேறிவிடும். ஒன்பதில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அச்சிலேயே தாள் வரும். கணக்குக்கு முழு 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. மூன்று மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதிப் பழகாத பிள்ளைக்கு, பாடம் தெரிந்தால்கூட முதல் காலாண்டுத் தேர்வு ஓர் அடி. அதோடு, எட்டாம் வகுப்பில் அது பள்ளிக்கே பெரிய பிள்ளை. பிரார்த்தனைக் கூட்டத்தில் உறுதிமொழி சொன்னது, சத்துணவுக்கு வரிசை பார்த்துக்கொண்டது, சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணன், அக்கா. ஒரே கோடை விடுமுறையில் ஆயிரம் பேர் படிக்கும் இடத்தில் யாருக்கும் பெயர் தெரியாத புதுப்பிள்ளை ஆகிவிடுகிறது. மற்றவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே கூட்டாளிகள். இது மனதை எவ்வளவு பாதிக்கும் என்று அளந்து சொல்ல முடியாது, ஆனால் பாதிப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இன்னொரு மாற்றம் சட்டத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது காப்பது 6 முதல் 14 வயது வரை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதையே தடுக்கிறது. 14-ஐத் தாண்டியவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கத்தான் தடை. எட்டாம் வகுப்பு முடியும் நேரமும் 14 வயது முடியும் நேரமும் ஒன்றாக வருகின்றன. "இனிமே யாரும் கேக்கமாட்டாங்க" என்று ஒரு மேஸ்திரி சொல்லத் துணிவது அந்த ஜூன் மாதத்தில்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இப்போது பாடம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஒன்பது இயல்கள். முதல் இயல் கண மொழி. சேர்ப்பு, வெட்டு, வென்படம் என்று புதுப் பிள்ளையும் பழைய பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பும் பாடம். அதனால் ஜூனில் எல்லாம் நன்றாகப் போவது போலத் தெரியும். அடுத்தது மெய்யெண்கள், அதற்கடுத்தது இயற்கணிதம். அங்கேதான் வண்டி நிற்கும். நான் அந்த நேரத்தில் தவிக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்ப்பேன். முறுடுகள் (√2 போன்றவை) தெரியவில்லை என்றால், அடுக்கு தெரியுமா? அடுக்கு தெரியவில்லை என்றால், பின்னம் தெரியுமா? பெரும்பாலும் பின்னத்தில்தான் போய் முட்டும். இல்லாவிட்டால் குறை எண்ணில். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் புதிதாக வந்த எதுவும் அந்தப் பிள்ளையைத் தடுக்கவில்லை. ஐந்திலும் ஆறிலும் விட்டுப்போனதுதான் ஒன்பதில் வந்து நிற்கிறது. முக்கோணவியல் என்றால் எதிர்ப்பக்கத்துக்கும் கர்ணத்துக்கும் உள்ள விகிதம், நிகழ்தகவு என்றால் பின்னம், ஆயத்தொலை வடிவியல் என்றால் குறை எண்கள். இவை தெரியாத பிள்ளைக்கு ஏப்ரலில் சைன், கொசைன் சொல்லிக்கொடுத்தால் அந்தச் சொற்கள்மேல் ஒரு பயம்தான் இரண்டு மாதம் முந்தி வரும்.

ஒன்று கவனித்துப் பாருங்கள். உங்கள் எட்டாம் வகுப்பில் யாரையாவது கூப்பிட்டு "கால் கிலோ வெங்காயமும் அரைக் கிலோ தக்காளியும் வாங்கினா பையில எவ்வளவு இருக்கும்?" என்று கேளுங்கள். "முக்கால் கிலோ சார்" என்று பட்டென்று வரும். அதே பிள்ளையிடம் பலகையில் 1/4 + 1/2 எழுதிக் கொடுங்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதும். வாயில் இருக்கும் கணக்கும் கையில் இருக்கும் கணக்கும் அதற்கு வேறு வேறு. "இப்ப நீ எழுதின 2/6, அதாவது மூணுல ஒரு பங்கு, அரையைவிடக் கம்மியா ஜாஸ்தியா? அரைக் கிலோவோட இன்னும் கொஞ்சம் சேர்த்தும் எப்படிக் குறைஞ்சது?" என்று அந்த இரண்டையும் மோதவிட வேண்டும். விதியை இன்னொரு தரம் சொல்வதைவிட இந்த மோதல்தான் வேலை செய்தது. எண்கோட்டில் பின்னத்தைக் குறிப்பது, காகிதத்தை மடித்துப் பார்ப்பது, ஒரே அளவை 1/2, 2/4, 3/6 என்று எழுதிப் பார்ப்பது, இதற்கு இரண்டு மூன்று வாரம் தினமும் இருபது நிமிடம் போதும். குறை எண்ணுக்கும் அப்படியே. "பக்கம் மாறினா குறி மாறும்" என்று மந்திரமாகச் சொல்லிக்கொடுத்த பிள்ளை −3x = 12 என்றால் x = 15 என்று எழுதும். இரண்டு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்கிறோம் என்பது புரிந்த பிள்ளைக்கு மந்திரம் தேவையில்லை.

கணக்கைவிடப் பெரியது வாசிப்பு. வாசிக்கத் தெரியாத பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கிறதா என்று வெளியாட்கள் கேட்பார்கள். உங்களுக்கும் எனக்கும் தெரியும், இருக்கிறது. இதற்குப் பெரிய சோதனைத் தாள் எதுவும் வேண்டாம். நடத்தாத ஒரு பாடத்திலிருந்து அறிவியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கொடுங்கள். சத்தமில்லாமல் படிக்கட்டும். மூடிவைத்துவிட்டு "என்ன போட்டிருக்கு?" என்று கேளுங்கள். வகுப்பு மூன்றாகப் பிரியும். எழுத்துக் கூட்டுவதே கஷ்டமாக இருப்பவர்கள் சிலர். கடகடவென்று படித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாதவர்கள் பலர். படித்ததைத் தன் வார்த்தையில் சொல்பவர்கள் மீதி. நாம் முதல் கூட்டத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். ஒன்பதில் அதிகம் அடிபடுவது இரண்டாவது கூட்டம், ஏனென்றால் எட்டு வரை அவர்கள் குறை வெளியே தெரியவே தெரியாது. பலகையில் எழுதிப் போட்டதை அழகாகப் பார்த்து எழுதுவார்கள். நோட்டைத் திருத்தும் அதிகாரிக்கும் திருப்தி. மேல்நிலைப்பள்ளியில் அறுபது பேர் வகுப்பில் எல்லாவற்றையும் எழுதிப் போட யாருக்கும் நேரமில்லை. புத்தகத்தைத் தானே படித்து விடையை எடுக்க வேண்டிய இடத்தில் இவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

முதல் கூட்டத்துக்கு நடுநிலைப்பள்ளியில் மட்டும் கிடைக்கும் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் வளாகத்திலேயே ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பையனிடம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்துப் படி என்றால் அவமானம், நாளைக்கு வரமாட்டான். "ரெண்டாங் கிளாஸ் பசங்களுக்கு தினமும் ஒரு கதை படிச்சுக் காட்டணும், நீ பாத்துக்கோ" என்றால் அதே புத்தகத்தை வீட்டில் நாலு தரம் படித்துப் பார்த்துவிட்டு வருவான், அங்கே திக்கக் கூடாதே! என் அனுபவத்தில் இதைப் போலப் பலன் தந்த வேறொன்று இல்லை. மேல்நிலைப்பள்ளியில் இந்த வாய்ப்பே கிடையாது, அங்கே ஆறாம் வகுப்புதான் ஆகச் சின்ன வகுப்பு. இரண்டாவது கூட்டத்துக்கு வழி எளிது, ஆனால் ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளை பலகையில் எதையும் எழுதாதீர்கள். அவர்களே ஒரு பத்தியைப் படித்து, அதிலிருந்து இரண்டு கேள்வி தயாரித்து, பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கட்டும். பெருவினாவுக்கு விடையைச் சொந்தமாக எழுதட்டும். பிழையோடு எழுதட்டும், பரவாயில்லை. நீங்கள் அறிவியல் டீச்சர் என்பதால் இது உங்கள் கையிலேயே இருக்கிறது.

ஆங்கிலம் பற்றிச் சுருக்கமாக. இலக்கண விதியைக் குறைத்து, தினமும் சத்தமாக வாசிப்பது, தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் ஐந்தே வாக்கியம் சொந்தமாக எழுதுவது, இவ்வளவாவது எட்டுக்குள் வந்துவிட்டால் ஒன்பதில் விழுந்தாலும் எழுந்துவிடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, தமிழ் இரண்டாவது. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ்ப் பாடம் கட்டாயமாகி, வகுப்பு வகுப்பாக மேலேறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அங்கே ஒன்பதில் வரும் திணறலுக்குப் பாதிக் காரணம், அறிவியலையும் சமூக அறிவியலையும் எந்த மொழியில் யோசிப்பது என்ற குழப்பம். அதை மந்தப் பிள்ளை என்று எழுதிவிடக் கூடாது.

இதற்கெல்லாம் "எல்லாரையும் பாஸ் போடறதுதான் காரணம்" என்று சொல்பவர்கள் கீழே கருத்து எழுதக் கட்டாயம் வருவார்கள். 2019-இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைக்கும் உரிமை மாநிலங்களுக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் அந்த இரு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். நிறுத்திவைத்தால் பிள்ளை கற்றுக்கொள்ளுமா என்பது தீராத விவாதம். ஒன்று மட்டும் சொல்வேன். நம் மாவட்டத்தில் எட்டில் நிறுத்திவைத்த பிள்ளை அடுத்த ஜூனில் அதே பெஞ்சில் வந்து உட்காரும் என்று நினைப்பவர்கள் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பெங்களூரு போகும் பஸ்ஸை விடியற்காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

வருகைப்பதிவுக்கு வருவோம். சிகாகோ நகரத்து அரசுப் பள்ளிகளை வைத்து அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2005-இலும் 2007-இலும் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் கல்வித் துறையில் பிரபலம். ஒன்பதாம் வகுப்பை ஒழுங்காகக் கடந்த மாணவர், கடக்காதவரைவிட மூன்றரை மடங்கு அதிகமாகப் பள்ளிப் படிப்பை முடிக்கிறார் என்பது ஒன்று. எட்டாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணைவிட, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை நாள் வந்தார் என்பதுதான் அவர் தேறுவாரா என்று நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது என்பது மற்றொன்று. அங்கே தேர்ச்சி முறை வேறு, ஊர் வேறு. அதே மடங்கு இங்கே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுநிலைப்பள்ளியிலேயே விட்டுவிட்டு வரும் பிள்ளைதான் பின்னால் பள்ளியை விட்டே நிற்கிறது என்பதை நம் பதிவேட்டைப் புரட்டினாலே பார்க்கலாம். எந்த நாளில் வரவில்லை என்று பாருங்கள். சந்தை நாளா? மாசி, பங்குனியில் புளி தட்டும் சீசனா? பண்டிகைக்கு முன்னால் பூப்பறிப்பா? மாங்காய் இறக்கும் நாளா? ஏழாம் வகுப்பில் மாதம் நாலு நாள் காணாமல் போகும் பிள்ளையின் வீட்டுக்கு அப்போதே போனால் பேச இடமிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிள்ளை யார் என்றே வகுப்பாசிரியருக்குத் தெரியாது.

இனி இரண்டாவது கேள்வி, அதாவது காணாமல் போகும் பிள்ளைகள். இதைத்தான் நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். மாற்றுச் சான்றிதழ் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதும் நம் வேலை முடிந்தது என்று ஒரு பழக்கம் இருக்கிறது. எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவு) அந்தப் பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதுப் பள்ளி அங்கிருந்து இழுத்துக்கொண்டால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. இடையில் அந்தப் பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் குடும்பம் கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும், அல்லது செங்கல் சூளைக்கு. பிள்ளையும் போகும். ஜூனில் பள்ளி திறக்கும்போது "இந்த வேலை முடிஞ்சதும் வர்றோம்" என்பார்கள். ஜூலையில் வந்தால் வகுப்பு ஓடிப்போயிருக்கும், பிள்ளைக்கே போக வெட்கமாயிருக்கும். ஆகவே விடுமுறை விடும் முன்பே எந்தப் பிள்ளை எந்தப் பள்ளி என்பது முடிவாகியிருக்க வேண்டும். பெற்றோர் ஊரில் இருக்கும்போதே படிவம் எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் கையில் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தை ஜனவரியிலேயே தொடங்குங்கள். சாதிச் சான்றிதழ், ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் பள்ளிப் பதிவோடு ஒத்துப்போவது, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு. விடுதியில் சேரவும் உதவித்தொகைக்கும் இவைதான் கேட்பார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது ஒரு வாரத்தில் முடிகிற காரியமில்லை, உங்களுக்கே தெரியும். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடுதி கிடைக்கவில்லை என்றால் ஒன்பதாம் வகுப்பே கிடையாது என்று பொருள்.

அடுத்தது பாதை. எட்டு வரை நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்தது. இனி பஸ். விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும், ஒன்பதிலும் பத்திலும் பிள்ளைக்கு மிஞ்சுவது இலவசப் பயணம்தான். அந்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, சாயங்காலம் திரும்பி வர என்ன இருக்கிறது, தவறவிட்டால் யாரோடு வருவது? இதை நீங்கள் ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் வாசியுங்கள். காட்டோரக் கிராமம் என்றால் ராகி விளையும் காலத்தில் யானை நடமாட்டம் இருக்கும். "பொழுது சாஞ்சு வர்ற பிள்ளைய எப்படி அனுப்பறது சார்" என்று ஒரு தாய் கேட்டால் அது சாக்கு இல்லை. ஒரே ஊரிலிருந்து போகும் நாலைந்து பிள்ளைகளை ஒரே பள்ளியில், முடிந்தால் ஒரே பிரிவில் சேர்த்துவிட்டால் பாதிப் பயம் தீரும். பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். சில சமயம் நடக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டமும் குழந்தைத் திருமணத்துக்குப் பேர் போனவை. எட்டு முடித்து வீட்டில் நிற்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பேச்சு வர அதிக நாள் ஆகாது, பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். அதற்கு முன்னால், பெற்றோரிடம் பேசச் சட்டத்தைவிடப் பணக் கணக்கு உதவும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பர் 5 முதல் நடக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மருத்துவத்துக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்து, அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. அதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கொஞ்சம் வசதி உள்ள வீட்டில் ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் உறைவிடப் பள்ளியில் சேர்க்க நினைப்பார்கள். சேர்ப்பது அவர்கள் உரிமை, ஆனால் எதை இழக்கிறார்கள் என்பதை யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அங்கே சில பள்ளிகள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த ஆண்டே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்குவதும் நாம் அறியாததல்ல. அதன் விலை பதினொன்றாம் வகுப்பில் தெரியும்.

எட்டாம் வகுப்பில் நீங்கள் விடக்கூடாத ஒன்று தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் எழுதலாம். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நாலு வருடத்தில் 48,000. "படிச்சு என்ன ஆகப்போவுது" என்று சொல்லும் அப்பாவிடம் காட்டக்கூடிய ஒரு தொகை. இந்தப் பயிற்சியால் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சுலபமாகுமா என்றால், ஆகாது என்றே நினைக்கிறேன். எண் தொடர், கண்ணாடி உருவம் எல்லாம் வேறு வகைப் பழக்கம். ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகங்களை மறுபடி புரட்டுவது மட்டும் லாபம். நன்றாகப் படிக்கும் ஐந்து பேருக்கு மட்டும் பயிற்சி கொடுத்து மற்றவர்களை வெளியே விட்டுவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை.

பலன் சந்தேகமானவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து இரண்டு மணி நேரம் தன்னம்பிக்கைப் பேச்சு நடத்துவது, அன்று மட்டும் கைதட்டல். ஜூனில் நடத்தும் இணைப்புப் பாடம் நல்ல எண்ணம்தான், ஆனால் மூன்று வருடம் விட்டுப்போனதைச் சில நாளில் பிடிக்க முடியுமா? தெரிந்ததை நினைவுபடுத்த மட்டும் அது உதவும். கோடை வகுப்பு வைத்தால் வருவது பெரும்பாலும் வராவிட்டாலும் தேறிவிடும் பிள்ளைகள்தான். தேவைப்படும் பிள்ளை அப்போது மாந்தோப்பில் இருக்கும். இதற்கு மாறாக, பிப்ரவரியில் ஒருநாள் எட்டாம் வகுப்பு முழுவதையும் அந்த மேல்நிலைப்பள்ளிக்கு அழைத்துப் போவது செலவில்லாத காரியம். ஆய்வகம் எங்கே, கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே, வகுப்பாசிரியர் யார் என்று பார்த்துவிட்டு வரட்டும். உங்களிடம் படித்துப் போன பழைய பிள்ளைகள் இரண்டு பேர் சுற்றிக் காட்டட்டும். தலைமையாசிரியர் பேசுவதைவிட அவர்கள் பேசுவதைத்தான் கேட்பார்கள்.

அங்கே போகும்போது அந்தத் தலைமையாசிரியரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். நடுநிலைப்பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளை மொத்தமாக ஒரே பிரிவில் கொட்டிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு என்ன பெயர் வரும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய பிள்ளைகளோடு கலந்து போடச் சொல்லுங்கள். கூடவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். மதிப்பெண் வேண்டாம், அது எமிஸில் இருக்கிறது. "தமிழ் நன்றாக வாசிப்பாள், பின்னம் இன்னும் தடுமாறுகிறது. பாட்டியோடு இருக்கிறாள், அம்மா அப்பா பெங்களூரில்" என்று எழுதினால் போதும். நான் உயர்நிலைப்பள்ளியில் இருந்தபோது ஒரு நடுநிலைப்பள்ளியிலிருந்து இப்படி ஒரு நோட்டு வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் எங்கள் ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "என்னத்த சொல்லிக் குடுத்தீங்க" என்ற கேள்விக்கும் இதைவிட நல்ல பதில் இல்லை. குற்றம் யார்மேல் என்று பேசினால், தொடக்கப்பள்ளிமேல், அங்கன்வாடிமேல், வீட்டின்மேல் என்று கீழே போய்க்கொண்டே இருக்கலாம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் விஷயத்தில் நான் பேசத் தகுதி உள்ளவன் இல்லை. உங்கள் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை ஜனவரியிலேயே பிடித்துப் பேசுங்கள், மேல்நிலைப்பள்ளியில் சாய்தளம், கழிப்பறை எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த ஆண்டு எட்டில் இருப்பவர்களுக்கு நேரம் குறைவு என்று கவலைப்படுகிறீர்கள். அவர்களுக்குப் பின்னம், குறை எண், வாசிப்பு மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பாடத்திட்டத்தில் கடைசி ஓர் இயல் அவசரமாக ஓடினாலும் ஓடட்டும். சான்றிதழும் சேர்க்கையும் கூடவே நடக்கட்டும். ஜூன் இரண்டாம் வாரத்தில் எமிஸைத் திறந்து, உங்கள் பிள்ளைகளில் யார் பெயர் இன்னும் பொதுத் தொகுப்பில் நிற்கிறது என்று பார்த்து, அந்த வீடுகளுக்குப் போனில் கூப்பிடுங்கள், எடுக்காவிட்டால் நேரில் போங்கள். உங்கள் ஆறாம் வகுப்பு வேறு, அங்கே மூன்று வருடம் இருக்கிறது. கைடு வேண்டாம். அந்தக் காசுக்குச் சிறுகதைப் புத்தகங்கள் வாங்கி எட்டாம் வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். ஒன்பதாம் வகுப்பைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்குப் போன வருடத்து மாணவரிடமிருந்து பழைய அறிவியல் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், விடுமுறையில் படம் பார்த்துப் புரட்டட்டும்.